பக்க வாசல் வழியாகப் போன குழந்தை

சென்ற மாதம் லாவண்யா போன் செய்தாள். வடமாலபேட்டைக்கு அந்தப் பக்கம், திருப்பதி - சென்னை சாலையில் இருக்கும் கேளிக்கைப் பூங்காவில் ஓய்வு பெறும் நாள் வரை நான் காவல் நின்ற கேட்டில் இப்போது நிற்பவள் அவள். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்றெல்லாம் கேட்காமல் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு தாத்தாவ சக்கர நாற்காலியில குந்த வெச்சி தள்ளிக்கினு பக்க வாசல்ல வந்தாங்க. கூட மொத்தக் குடும்பமும். உள்ள போனதும் தாத்தா எழுந்து வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு அவருதான் மொதல்ல ராட்டினத்துல ஏறுறாரு. நான் தடுக்கணுமா, வுடணுமா?"

வரிசையில் நிற்காமல் உள்ளே போக விடும் அந்தப் பக்க வாசலின் பலகையில் 'நடக்க முடியாதவர்கள்' என்று எழுதியிருக்கவில்லையாம். 'சக்கர நாற்காலியில் வருபவர்கள்' என்றுதான் இருக்கிறதாம். அவர் சக்கர நாற்காலியில்தான் வந்தார். லாவண்யா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பில் ஏதோ இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அவளிடம் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

பூங்கா வருவதற்கு முன் அந்த இடம் மாந்தோப்பு. என் நைனாவும் அம்மாவும் அதில் கூலிக்குப் போனார்கள், நானும் போனேன். நாடு திறந்துவிட்டது, கம்பெனிகள் வருகின்றன என்று எல்லோரும் பேசிய காலம் அது. தோப்பை விற்றார்கள். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் சென்னைக்கும் சிலர் வளைகுடாவுக்கும் போய்விட்டதால், பூங்காவில் வேலைக்கு ஆள் தேடியபோது பெண்கள்தான் இருந்தோம். பத்தாவது படித்திருந்ததால் எனக்குக் கேட் வேலை கிடைத்தது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில், ஆங்கிலத்தில் ப்ளீஸ் சொல்லப் பழக்கினார்கள். பயிற்சி என்று பெரிதாகச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

உண்மையான பயிற்சியைக் கொடுத்தது வந்த ஜனங்கள்தான். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் திருமலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள். சாமியைப் பார்க்கக் காலம் முழுதும் வரிசையில் நின்றே கால் வீங்கியவர்கள். எந்த வரிசைக்கு எந்தக் கிளை உண்டு, யாருக்கு எந்த வாசல் திறக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. டிக்கெட் கவுன்டரில் உயரம் அளக்கும் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது பிள்ளை முழங்காலை மடக்கிக் குள்ளமாகிவிடும், அரை டிக்கெட். அதே பிள்ளை ராட்டினத்தின் உயரக் கம்பத்துக்கு வந்தால் குதிகாலைத் தூக்கி வளர்ந்துவிடும். அப்பன்காரன் பின்னால் நின்று தோளைத் தட்டுவான். இதையெல்லாம் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் சுபாவம் அப்படி. ஒருத்தர் ஏமாற்றுகிறார் என்று தெரிந்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

என் மேலதிகாரி பிரபாகர் சார். சித்தூர்க்காரர், வீட்டில் தெலுங்கு. வளைகுடாவில் ஒரு பெரிய பூங்காவில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்டுவதாக இருந்தாலும் நம் இடது பக்கத்தில் வந்து நின்று, நம்மைப் பார்க்காமல் வரிசையைப் பார்த்துக்கொண்டே பேசுவார். தள்ளி இருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு பேரும் வேடிக்கை பார்ப்பதுபோல் இருக்கும். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. எந்தத் தகராறு அவரிடம் போனாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், பிறகு ஒரே கேள்வி கேட்பார்: "ரூல்ல உந்தா, லேதா?" விதியில் இருக்கிறதா, இல்லையா. இருந்தால் விடு, இல்லாவிட்டால் தடு. நடுவில் உன் கோபத்துக்கு இடமில்லை என்பது அவர் கட்சி.

பெரிய ஊஞ்சல் படகு என்று ஒன்று எங்களிடம் இருந்தது. கூட்டம் எல்லாம் அதற்குத்தான். இரும்புக் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வரிசை நிற்கும், மேலே கூரை பாதிதான். அதற்கு ஒரு பக்க வாசல். கைக்குழந்தையோடு வருபவர்கள் அந்த வழியாக வரலாம் என்று விதி. குழந்தையைப் படகில் ஏற்ற முடியாதல்லவா. ஆகவே ஒருவர் மேடையில் பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் ஆடிவிட்டு இறங்குவார்கள், அப்புறம் குழந்தையைக் கை மாற்றிக்கொண்டு இவர் ஆடப் போகலாம். யாரும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தாய்மார்களுக்காக யோசித்துச் செய்த நல்ல விதி.

அதில் ஓட்டை போட எங்கள் ஜனங்களுக்கு ஒரு கோடை போதுமாக இருந்தது. குழந்தை இல்லாதவர்கள் இரவல் வாங்கினார்கள். "அக்கா, கொழந்தய கொஞ்சம் குடுங்க, உள்ள போய் குடுத்துடறோம்" என்று கேட்பார்கள். கேட்டவுடன் கொடுத்துவிடுவார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் ஊர் பஸ்ஸில் நிற்கிறவள் கையில் குழந்தை இருந்தால், உட்கார்ந்திருப்பவள் பேர்கூடக் கேட்காமல் கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொள்வதில்லையா? அதே பழக்கம்தான். பஸ்ஸில் அது தர்மம், என் வாசலில் அது தந்திரம். ஒரே குழந்தை காலையில் ஒரு குடும்பத்தோடும் மத்தியானம் இன்னொரு குடும்பத்தோடும் என்னைத் தாண்டிப் போகும். அதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. மலையில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் அப்பி, அடிவாரக் கடையில் வாங்கிய அதே மஞ்சள் குல்லாயை மாட்டியிருந்தால் எந்தக் குழந்தை எதுவென்று எப்படிச் சொல்வது? ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

வெயிலில் நின்ற புத்தலப்பட்டு விவசாயி ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார், "ஏம்மா, கொழந்த இல்லாதவன் இன்னா மனுஷன் இல்லியா?" அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று முதல் நான் தடுக்க ஆரம்பித்தேன்.

தடுத்ததில் ஒரு நாள் வசமாக மாட்டிக்கொண்டேன். கறுத்த, மெலிந்த ஒரு பெண், இடுப்பில் வெள்ளை வெளேரென்று ஒரு குழந்தை. கூட நாலைந்து ஆண்கள். இது இரவல்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். உன் குழந்தையா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எப்படி நம்புவது என்றேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னுதுதான்னு எப்பிடிக்கா காட்டறது?" என்றாள். அதற்குள் குழந்தை அழ, அவள் அங்கேயே கம்பியில் சாய்ந்து உட்கார்ந்து முந்தானையைப் போர்த்திப் பால் கொடுத்தாள். வரிசை மொத்தமும் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.

பிரபாகர் சார் என் இடது பக்கம் வந்து நின்றார். கண்ணாடியைத் துடைத்தார்.

"சரோஜம்மா, போர்டுல தாய்னு இருக்கா? கைக்குழந்தையோட வர்றவங்கன்னுதான இருக்கு? நீங்க கேட் தெறக்கறவங்க. தாசில்தார் இல்ல. இனிமே யாரையும் கேக்காதீங்க."

அதன்பிறகு நான் கேட்கவில்லை. குழந்தை இருந்தால் கேட்டைத் திறந்தேன். மனசு அடித்துக்கொள்ளும், கை திறந்துவிடும். என்றாவது ஒரு நாள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஏதோ ஒன்று ஆகும் என்று தெரியும். காலையில் சட்டைப் பொத்தானைப் போடும்போதே அந்தப் பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்காரர் கேட்டால் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்பேன்.

அந்த நாள் பள்ளி விடுமுறையில் வந்தது. சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்து நிர்மலா என்ற பெண் கணவனோடு வந்திருந்தாள். மகனுக்கு அன்று காலைதான் முதல் மொட்டை. கணவன் சென்னையில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான், எப்போதாவதுதான் ஊருக்கு வருவான். இதையெல்லாம் அவள் பக்க வாசலில் நின்றபடி தானாகவே என்னிடம் சொன்னாள். சந்தோஷம் தாங்காமல் பேசுகிறவள்.

உள்ளே போனவளுக்கு ஒரு சங்கடம். விதிப்படி ஒருவர் குழந்தையோடு உட்கார வேண்டும். அப்படியானால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து படகில் உட்கார முடியாது. பெஞ்சில் அப்போது ஒரு யாத்திரை பஸ்ஸில் வந்த பெண்கள் சிலர் இருந்தார்கள். பல குடும்பங்கள் சேர்ந்து பிடித்த பஸ், அவர்களிடமும் மொட்டைக் குழந்தைகள். அதில் ஒருத்தி, "குடும்மா, நாங்க வெச்சிக்கினு கீறோம், நீங்க ரெண்டு பேரும் ஜோடியா போய்ட்டு வாங்க" என்று கை நீட்டினாள். நிர்மலா கொடுத்தாள். யாராக இருந்தாலும் கொடுத்திருப்பார்கள்.

படகு ஆடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் குழந்தையோடு எழுந்தாள். அவர்கள் கூட்டத்தில் இன்னும் சிலர் வெளியே வரிசையில் நின்றார்கள், அவர்களை உள்ளே கொண்டுவர ஒரு குழந்தை வேண்டும். ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். கொடுத்தாள். வாங்கியவள் என் வாசலுக்கு வந்தாள். மஞ்சள் குல்லாய், சந்தனம், தூக்கக் கலக்கம். நான் பார்த்தேன். இது சற்று முன் உள்ளே போன குழந்தையோ என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது. கேட்டைத் திறந்தேன். விதியில் இருந்ததைத்தான் செய்தேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். அப்படிச் சொல்ல முடிகிறதே என்பதுதான் எனக்கு வலி.

நிர்மலா இறங்கி வந்தபோது பெஞ்சில் வேறு யாரோ இருந்தார்கள்.

முதலில் அவள் சிரித்துக்கொண்டே தேடினாள். பிறகு நடை வேகமாயிற்று. பிறகு ஓடினாள். மஞ்சள் குல்லாய் தெரிந்த பக்கமெல்லாம் ஓடி, பின்னாலிருந்து தோளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, இல்லை என்று விட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடினாள். மொட்டைத் தலையோடு அவள் மகனை அவளே ஒரு காலைப்பொழுதுதான் பார்த்திருக்கிறாள். ஒரு குழந்தையைப் பிடுங்கி மார்போடு அணைத்து, முகத்தைப் பார்த்து, அலறிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். நான் விசிலை வாயில் வைத்தேன். ஊத மூச்சு வரவில்லை.

பிரபாகர் சார் வந்தார். அன்று அவர் செய்ததை அப்படியே எழுதிவைக்க வேண்டும். முதலில் வெளி வாசலை மூடச் சொன்னார். குழந்தையோடு யாரும் தாய் பார்க்காமல் வெளியே போகக் கூடாது. ராட்டினங்களைச் சட்டென்று நிறுத்தாதே, நிறுத்தினால் கூட்டம் மிரளும், ஒவ்வொன்றாக நிறுத்து என்றார். பிறகு நிர்மலாவை நிழலில் உட்கார வைத்து, தானும் தரையில் குந்தி, பையன் உடம்பில் வேறு யாருக்கும் தெரியாத அடையாளம் ஒன்று சொல்லம்மா என்றார். இடது முழங்காலுக்குப் பின்னால் மச்சம் என்றாள். அதை மைக்கில் சொல்லாதே என்று என்னிடம் சொன்னார். குழந்தை கிடைத்தது என்று யாராவது வந்தால் அதை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க மறந்து அப்படியே மாட்டிக்கொண்டார்.

மைக்கில் தமிழிலும் தெலுங்கிலும் அறிவித்தோம். மொட்டை அடித்த ஆண் குழந்தை, மஞ்சள் குல்லாய். வாசலில் குழந்தையோடு வந்தவர்கள் எல்லோரும் அந்த வர்ணனைக்குப் பொருந்தினார்கள். நாங்களா திருடர்கள் என்று சண்டை போட்டார்கள். நிர்மலா ஒவ்வொரு குழந்தையையும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே நின்றாள். அவள் கணவன் சுவரோரம் நின்று, நீ எதுக்கு யார்கிட்டயோ குடுத்த என்று திரும்பத் திரும்பக் கேட்டான். கடைசியில் அவள் அவனைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு தபா ஒண்ணா குந்தலாம்னு சொன்னது நீதான."

அவன் சுவரை விட்டு வந்து, அவளோடு சேர்ந்து ஒவ்வொரு குழந்தையாகப் பார்க்கத் தொடங்கினான்.

வெளி வாசலை மூடுவதற்கு முன்பே யாத்திரை பஸ் போய்விட்டிருந்தது. அது எங்களுக்குத் தெரியாது. வாங்கியவள் இன்னொருத்தியிடம் கொடுத்திருக்கிறாள், அவள் மற்றவளிடம். பெஞ்சில் நிர்மலாவிடமிருந்து வாங்கியவள், குழந்தை இதற்குள் தாயிடம் போயிருக்கும் என்று நினைத்திருக்கிறாள். டிரைவர் ஹாரன் அடித்தபோது எல்லோரும் அவசரமாக ஏறியிருக்கிறார்கள். பஸ்ஸுக்குள் குழந்தை மடி மடியாகப் போயிருக்கிறது. முன் சீட்டுக்காரி அது பின் சீட்டுக்காரியின் குழந்தை என்று நினைத்தாள், பின் சீட்டுக்காரி முன் சீட்டுக்காரியுடையது என்று நினைத்தாள். புத்தூர் தாண்டும்போது குழந்தை வீறிட்டது. யார் மகன், எடுத்துப் பால் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். யாரும் எடுக்க வரவில்லை. அப்போதுதான் பஸ்ஸில் எல்லோருக்கும் உயிர் போனது.

டிக்கெட்டில் அச்சடித்திருந்த நம்பருக்கு சாலையோர எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஒரு ஆள் பேசினார். பிரபாகர் சார் ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். முழங்காலுக்குப் பின்னால் பார்த்துச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டார், எந்தக் கால், என்ன இருக்கும் என்று சொல்லவில்லை. அந்த ஆள் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். ரிசீவருக்குள் லாரிகள் போகும் சத்தம் மட்டும் வந்தது. நிர்மலா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்தது அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்த ஆள் திரும்பி வந்து, இடது காலில் ஒரு மச்சம் கீது சார் என்றார். பிரபாகர் சார் ரிசீவரை வைக்காமலேயே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பஸ் திரும்பி வருவதற்குள் அந்தப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் நான் மனசுக்குள் தயார் செய்துவிட்டேன். குறுக்கு வழியில் வந்தீர்களே, அனுபவியுங்கள் என்று நாக்கு நுனியில் வைத்திருந்தேன். பஸ் நின்றதும் பெண்கள் எல்லோரும் இறங்கினார்கள், எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். நிர்மலா மகனை வாங்கி, முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைத் திருப்பி மச்சத்தைப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள். குழந்தை அவள் மார்பைத் தேடாமல் நிம்மதியாகத் தூங்குவதைக் கண்டு நிமிர்ந்தாள்.

கூட்டத்திலிருந்து ஒருத்தி, தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முன்னால் வந்தாள். "ரொம்ப அழுதாம்மா. என் பாலதான் குடுத்தேன். தப்பா நெனச்சிக்காத."

நிர்மலா அவள் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் தயார் செய்த சொற்கள் எல்லாம் அப்படியே அடங்கிப்போயின. குழந்தையைத் தொலைத்ததும் அந்தக் கைகள்தான், பட்டினி போடாமல் காப்பாற்றியதும் அந்தக் கைகள்தான். இவர்களை என்னவென்று திட்டுவது?

மறுநாள் முதலாளி தரப்பில் பக்க வாசலையே மூடிவிடச் சொன்னார்கள். பிரபாகர் சார் என் இடது பக்கம் வந்து நின்றார். வழக்கம்போல வரிசையைப் பார்த்துக்கொண்டு, ஆனால் குரலில் பழைய தெம்பு இல்லாமல், அந்தப் பெண்கள் செய்தது விதியில் இருக்கிறதா இல்லையா என்று என்னைக் கேட்டார்.

"எல்லாம் இருக்குது சார்," என்றேன். "கொழந்தய கொண்டாந்தவங்க இன்னா பண்ணலாம், கூட வந்தவங்க இன்னா பண்ணலாம், அல்லாம் இருக்குது. கொழந்தக்கி இன்னான்னுதான் அதுல ஒண்ணும் இல்ல."

அவர் வாசலை மூடவில்லை. மூடினால் அன்று கம்பியில் சாய்ந்து பால் கொடுத்தாளே, அவள்தான் வெயிலில் நிற்பாள் என்று முதலாளி தரப்பிடம் வாதாடினார். அதற்குப் பதில் குழந்தையின் மணிக்கட்டிலும் கொண்டுவந்தவர் மணிக்கட்டிலும் ஒரே நிற ரிப்பன் கட்டத் தொடங்கினோம், ரிப்பன் கட்டிய கையிலிருந்து குழந்தை மாறக் கூடாது. கொஞ்ச நாளில் ஜனங்கள் ரிப்பனை நழுவவிடவும் கற்றுக்கொண்டார்கள். நாங்கள் இன்னும் இறுக்கிக் கட்டக் கற்றுக்கொண்டோம்.

லாவண்யாவுக்கு மறுநாள் நானே போன் செய்தேன். ராட்டினத்தை விட்டு இறங்கிய பிறகு தாத்தா எங்கே இருந்தார், வெயிலில் விட்டுவிட்டு மற்றவர்கள் ஆடப் போனார்களா, தண்ணீர் கொடுத்தார்களா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அந்த யோசனையைக் கொடுத்ததே தாத்தாதானாம். அப்படியானால் அவர் பாடு பரவாயில்லை என்றேன். வரிசையில் நின்றவர்கள் பாடு என்ன அக்கா என்று திருப்பிக் கேட்டாள். புத்தலப்பட்டுக்காரருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை, இவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் புத்தூர் போகிற பஸ்ஸில் கூட்டம். எனக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது. நின்றிருந்த ஒரு பெண் கேட்காமலேயே தன் குழந்தையை என் மடியில் வைத்தாள். மொட்டை, சந்தனம் இன்னும் காயவில்லை. வாங்கிக்கொண்டேன், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கூட்டம் அவளைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனது. ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் அவள் முந்தானை நுனியை எட்டிப் பிடித்தேன். அவள் திரும்பிப் பார்த்து, "நான் எங்கியும் போமாட்டேன் அக்கா, வுடுங்க" என்று சிரித்தாள். சரிம்மா என்றேன். அவள் இறங்கும்வரை விடவில்லை.